மியாமியில் கால்பந்து உலகக் கோப்பை: குமரி எல்லையிலிருந்து போகிறவர்களுக்கு

ஜூன் மாதம் தூத்தூரிலும் கொல்லங்கோட்டிலும் பொழியூரிலும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலம். அதே மாதத்தில் மியாமியில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் கனத்துக் கிடப்பதால் வியர்வை உலராமல் உடம்பிலேயே வழியும். "நாம கடற்கரைக்காரங்க, வெயில் நமக்கென்ன புதுசா" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் உடம்பு பழகிக்கொண்ட சூட்டுத் தாங்குதிறன், சில வாரம் மழையில் இருந்தாலே குறைந்துவிடும். அது திரும்பி வர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

இன்னொன்று தூக்கம். மியாமி நேரம் நம் நேரத்தைவிட 9.30 மணி நேரம் பின்னால். அங்கே மாலை 6 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது ஊரிலிருந்து வந்த உடம்புக்கு அது விடியற்காலை 3.30. தூங்காத உடம்பு சூட்டையும் தாங்காது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய் இறங்குகிற திட்டம் வேண்டாம். குறைந்தது நான்கு நாள் முன்னால் போங்கள். அந்த நான்கு நாளும் ஏசி அறைக்குள் அடைந்து கிடக்காமல், தினமும் மாலையில் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள்.

எந்த ஆட்டம்

2026 உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. மியாமியில் 7 ஆட்டங்கள். நம் பக்கத்து ரசிகர்கள் தேடுவது பெரும்பாலும் மூன்றுதான்: ஜூன் 24 மாலை 6 மணிக்கு பிரேசில் - ஸ்காட்லாந்து, ஜூன் 27 இரவு 7.30க்கு போர்ச்சுகல் - கொலம்பியா, ஜூலை 3 மாலை 6 மணிக்கு ஜே பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணியின் நாக் அவுட் ஆட்டம். ஜே பிரிவில்தான் அர்ஜென்டினா இருக்கிறது. ஆனால் முதலிடம் பிடித்தால்தான் மியாமிக்கு வரும். அர்ஜென்டினாவை நம்பி ஜூலை 3 டிக்கெட் வாங்குகிறவர்கள் அதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 7.30 ஆட்டம்தான் நல்லது. அந்த நாட்களில் சூரியன் மறைவதே இரவு 8.15 வாக்கில். 6 மணி ஆட்டத்துக்கு 3 மணிக்கே வாசலுக்குப் போக வேண்டும் என்பதால் கடும் வெயில் நேரம் முழுவதும் வெளியில்தான் போகும்.

டிக்கெட்டும் விசாவும்

டிக்கெட் ஃபிஃபா செயலியில் மட்டும்தான் வரும், காகித டிக்கெட் கிடையாது. மறுவிற்பனையும் ஃபிஃபாவின் சொந்தத் தளத்திலேயே நடக்கிறது. வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் "ஸ்கிரீன்ஷாட் டிக்கெட்" எதுவும் வாசலில் செல்லாது.

டிக்கெட் இருந்தால் விசா கிடைத்துவிடும் என்று சொல்கிற ஏஜென்டை விட்டு விலகுங்கள். இரண்டும் வேறு வேறு. ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதியில் முன்னுரிமை கேட்க ஒரு வழி இருக்கிறது. அது தேதிக்கு மட்டும்தான், விசாவுக்கு உத்தரவாதம் இல்லை. விசா வாங்கும் முறை இது:

முதலில் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்புங்கள். கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் அதில் கேட்பார்கள். எதையும் மறைக்க வேண்டாம். அடுத்து 185 டாலர் கட்டணம். பிறகு சென்னையில் இரண்டு சந்திப்பு: ஒரு நாள் கைரேகை, புகைப்படம், இன்னொரு நாள் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் போய்த் திரும்ப மூன்று நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வளைகுடாவில் வசிப்புரிமையோடு இருப்பவர்கள் அங்கேயே விண்ணப்பிக்கலாம். மறுப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராதது. வேலை, விடுப்புக் கடிதம், குடும்பம், சம்பளக் கணக்கு ஆகியவற்றைப் பற்றி ஒரே மாதிரியும் சுருக்கமாகவும் பதில் சொல்லுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒரே பெயர் மட்டும் இருந்தால், விசாப் படிவத்தில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று போட வேண்டும். விசாவிலும் அப்படியே அச்சாகும். விமான டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட், விசா இரண்டின் படத்தையும் விமான நிறுவனத்துக்குக் காட்டி, பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். முடிந்தால் பயணத்துக்கு வெகு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துத் திருத்திக்கொள்வது நல்லது.

மெக்சிகோவிலும் ஒரு ஆட்டம் பார்க்க ஆசை என்றால், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தாலே போதும். கனடாவுக்குத் தனி விசா வேண்டும்.

பெட்டியில் என்ன

திருவனந்தபுரத்திலிருந்து தோஹா அல்லது துபாய் வழியே ஒரு மாற்றத்தில் போவதுதான் நமக்கு வசதியான பாதை. பெட்டியில் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி எதுவும் வைக்காதீர்கள். கறிவேப்பிலை வழியாக எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரவும் என்பதால் அமெரிக்கா முழுவதும் தடை, ஆரஞ்சுத் தோட்டங்கள் உள்ள ஃபுளோரிடாவில் கேட்கவே வேண்டாம். நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோகலாம். ஆனால் எந்த உணவாக இருந்தாலும் சுங்கத்தில் 'உண்டு' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம்.

கட்டாயம் வேண்டியவை: உலக சுகாதார நிறுவன அளவில் உள்ள ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு 10, மெல்லிய தோர்த்து (பருத்தித் துண்டு) இரண்டு, மூடிய காலணி, விளிம்பு அகலமான தொப்பி, மழைக்கோட்டு, பவர் பேங்க் ஒன்று (இது கைப்பையில்தான் வர வேண்டும்), தட்டைக் கம்பி கொண்ட பிளக் மாற்றி. அங்கே மின்சாரம் 120 வோல்ட். போன் சார்ஜர் பிரச்சினையில்லாமல் வேலை செய்யும், நம் ஊர்க் கெட்டில் கொதிக்க வெகு நேரம் எடுக்கும்.

தோர்த்தைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடித்த டவல் நனைந்தால் கனக்கும், காயாது. தோர்த்து நனைத்துக் கழுத்தில் போட்டால் நின்று குளிர்விக்கும், பிழிந்தால் சீக்கிரம் காயும்.

அரங்கில் ரொக்கம் செல்லாது, அட்டைதான். யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். ஃபாரெக்ஸ் அட்டையில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றும் அட்டை) பணம் ஏற்றிக்கொண்டு, இன்னொரு அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவைத்துக்கொண்டு போங்கள்.

எங்கே தங்குவது

ஆட்டங்கள் நடக்கும் ஹார்டு ராக் ஸ்டேடியம் மியாமி நகரத்துக்குள் இல்லை. நகர மையத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 24 கிலோமீட்டர் தள்ளி மியாமி கார்டன்ஸில் இருக்கிறது. வாசலுக்கு ரயில் கிடையாது. கடற்கரை விடுதியின் அழகில் மயங்கி மியாமி பீச்சில் அறை எடுப்பதைவிட அவென்சுரா, ஹாலிவுட் (சினிமா ஹாலிவுட் அல்ல, ஃபுளோரிடாவில் அதே பெயரில் உள்ள ஊர்) பக்கம் எடுப்பது புத்திசாலித்தனம். அவென்சுராவில் பிரைட்லைன் ரயில் நிலையம் இருக்கிறது, ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையமும் பக்கம். அறை வாடகையோடு 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒரு தினக்கட்டணமும் பல இடங்களில் சேரும், முன்பதிவில் அதைத் தேடிப் பாருங்கள். உணவகங்களில் பில்லிலேயே 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். சேர்த்திருந்தால் மேலே டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

ஆட்ட நாள்

அரங்கின் கூரை இருக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிழல் தரும். மைதானத்துக்கு மேலே திறந்த வானம். மாலை வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து கூரைக்கு அடியில் நுழையும். மேற்குப் பார்த்த இருக்கைகளிலும் கீழ் வரிசைகளிலும் இருப்பவர்கள் முதல் பாதி முழுவதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். வாங்கும் முன் வரைபடத்தில் திசையைப் பாருங்கள்.

உண்மையில் ஆளை வீழ்த்துவது இருக்கை அல்ல, வாகன நிறுத்தத் தார்ப்பரப்பு. கார் நிறுத்தம், பஸ் இறங்கும் இடம், பரிசோதனை வரிசை என்று நிழலில்லாத தாரில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். 2024 ஜூலை 14 கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம் இதே அரங்கில் 82 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. டிக்கெட் இல்லாத கூட்டம் வாசலை நெருக்கியதுதான் காரணம். உள்ளே போக வேண்டியவர்களும் அந்தச் சூட்டில் நின்றார்கள். வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். உள் நடைபாதையில் நிழலும் தண்ணீரும் கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கு: கிளம்பும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் அரை லிட்டர். பிறகு 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர் அளவு. ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். அதைச் சூட்டு மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். காலையில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி ஒரு செம்பு, மாலையில் ஓஆர்எஸ் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக இருக்கும். பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் தண்ணீர் அளவைப் பின்பற்றுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரைகள் சூட்டில் ஆபத்தை அதிகமாக்கும். பீர் குடித்தால் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த உலகக் கோப்பையில் எல்லா ஆட்டங்களிலும் ஒவ்வொரு பாதியிலும் 22 நிமிட வாக்கில் 3 நிமிடத் தண்ணீர் இடைவேளை உண்டு. எல்லோரும் அப்போதுதான் எழுந்து ஓடுவார்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே குடித்துவிட்டு, தோர்த்தை நனைத்துக்கொள்ளுங்கள்.

பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில், 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த அரங்கின் வழக்கமான விதி. குடை கிடையாது. செண்டை, கொடிக்கம்பு, தெருவுக்குக் குறுக்கே கட்டுகிற அளவுக் கொடி எதையும் அனுமதி வாங்காமல் எடுத்துப் போக முடியாது. ஜெர்சியும் கழுத்தில் கொடியும் போதும். அனுமதிப் பொருள் பட்டியலை ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஒருமுறை பாருங்கள், தண்ணீர்ப் பாட்டில் விதியை முக்கியமாக.

போனை வெயிலில் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பெரும்பாலான போன்கள் 35 டிகிரி வரையான சூழலுக்குத்தான் செய்யப்பட்டவை, சூடேறினால் தானாக அணையும். டிக்கெட் அதற்குள் இருக்கிறது. உலர்ந்த தோர்த்துக்குள் சுற்றிப் பைக்குள் வையுங்கள், வாசலில் மட்டும் எடுங்கள்.

இடி இடித்தால்

ஃபுளோரிடாவில் பகல் ஏறியதும் கடல்காற்று கரைக்குள் புகும். சூடான தரைக்காற்றை அது மேலே தள்ள, மதியம் ஒன்றுக்கும் ஆறுக்கும் இடையில் இடிமழை உருவாகும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காற்றைத் தெரியும். பக்கத்தில் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்தி, பார்வையாளர்களைக் கூரைக்குள் அனுப்புவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் அமைதியாக இருந்தால்தான் மறுபடி தொடங்கும். நடுவில் ஒன்று வெட்டினால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து. 2025 கிளப் உலகக் கோப்பையில் சார்லட் நகரில் பென்ஃபிகா - செல்சி ஆட்டம் இப்படி ஏறக்குறைய 2 மணி நேரம் நின்றது. அரங்கை விட்டு வெளியே போகாதீர்கள், திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

ஜூன் 1 முதல் சூறாவளிக் காலமும் தொடங்கிவிடும். பயணக் காப்பீட்டைப் புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கியிருந்தால்தான் அந்தப் புயலுக்கு இழப்பீடு கிடைக்கும்.

சூடு தலைக்கேறினால்

கால் இழுக்கிறது, வியர்வை கொட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றால் நிழலுக்கு வந்து படுத்து, காலைத் தூக்கி வைத்து, ஓஆர்எஸ் மெதுவாகக் குடிக்கலாம். அரை மணியில் தெளியும். ஆனால் ஆள் குழறிப் பேசுகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, தடுமாறுகிறார் என்றால் அது வெப்பத் தாக்கு. வியர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 911 அழையுங்கள், பக்கத்திலிருக்கும் அரங்க ஊழியரைக் கூப்பிடுங்கள், வருவதற்குள் சட்டையைத் தளர்த்தித் தலை முதல் கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அமெரிக்காவில் மருத்துவமனைச் செலவு குடும்பத்தையே சாய்த்துவிடும், காப்பீடு இல்லாமல் விமானம் ஏற வேண்டாம்.

வெளியேறும்போது அவசரம் வேண்டாம். ஆட்டம் முடிந்த முதல் முக்கால் மணி நேரம் ஊபர் விலை உச்சத்தில் இருக்கும், ஏறுமிடமும் தூரம். நாக் அவுட் ஆட்டத்தில் கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் நீளும், இடையில் மின்னல் வந்தால் அதற்கு மேலும். கடைசி ரயிலின் நேரத்தை முந்தைய நாளே குறித்துக்கொண்டு, அது தவறினால் எப்படித் திரும்புவது என்பதையும் கூட வருபவர்களோடு பேசி வைத்துவிட்டுப் போங்கள். அன்று இரவே ஊருக்கு விமானம் போடாதீர்கள், மறுநாள் மாலைக்குப் போடுங்கள்.