மறுபடியும் பிறப்பது: எங்கிருந்து தொடங்குவது?

“நீங்க ரட்சிக்கப்பட்ட தேதி என்ன?” என்று, அதாவது இயேசுவை நம்பிப் பாவத்திலிருந்து மீட்கப்பட்ட நாள் எது என்று, யாராவது கேட்டதும் முழித்திருக்கிறீர்களா? தேதியை விடுங்கள், முதலில் பைபிளில் யோவான் 3-ஆம் அதிகாரத்தை எடுத்து 1 முதல் 21 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். ராத்திரியில் தன்னிடம் வந்த யூத வேதபோதகர் நிக்கொதேமுவிடம், ஒருவன் மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார் இயேசு. அதற்கு நிக்கொதேமு, வயதானவன் மறுபடியும் தாயின் வயிற்றுக்குள் போக முடியுமா என்று கேட்கிறார், நாமும் அதைத்தான் கேட்டிருப்போம். அங்கே இருக்கும் ‘அனோதென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’, ‘மேலிருந்து’ என்று இரண்டு அர்த்தமும் உண்டு. அதனால் இது நாம் முக்கி முனகிச் செய்யும் வேலை இல்லை, எந்தக் குழந்தையும் தன்னைத் தானே பெற்றுக்கொள்வதில்லையே!

அப்புறம் பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் 36:25-27. தண்ணீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னாரே, தண்ணீர், புது இருதயம், ஆவி எல்லாம் அங்கேயே இருக்கிறது, வேதபோதகரான நிக்கொதேமுவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஜெபம்? நீளம் வேண்டாம். உங்கள் பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, இயேசுவை நம்பி, புது இருதயம் கேளுங்கள். கண்ணீர் வரவில்லையா, பரவாயில்லை.

மறுநாள் காலையில் ஒரு வேலை: ஏமாற்றி வாங்கிய காசு இருந்தால் திருப்பிக் கொடுங்கள், பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு நீங்களே போன் போடுங்கள். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான். நிக்கொதேமுவுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. யோவான் 19-இல்தான் ஏறக்குறைய நூறு இராத்தல் (பழைய எடை அளவு) வாசனைத் திரவியத்தோடு இயேசுவை அடக்கம்பண்ண வெளிப்படையாக வந்து நிற்கிறார்.