பழைய ஸ்காட்ச் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

ஸ்காட்லாந்தில் கார்டன் அண்ட் மெக்ஃபெயில், கேடன்ஹெட் போன்ற நிறுவனங்கள் பல வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில் பார்லி மால்ட்டிலிருந்து வடித்த விஸ்கி) தங்கள் பெயரில் பாட்டிலில் அடைக்கின்றன. லேபிளில் இரண்டு ஆண்டுகளைத் தேடுங்கள்: வடித்தது, பாட்டிலில் அடைத்தது. 1995, 2015 என்றிருந்தால் வயது சுமார் 20. அப்புறம் அலமாரியில் எத்தனை காலம் இருந்தாலும் வயது கூடாது.

பல பாட்டில்கள் ஒரே பீப்பாயிலிருந்து, தண்ணீர் கலக்காமல் வருபவை. ஆல்கஹால் வீரியம் பெரும்பாலும் 50 சதவீதத்தைத் தாண்டும். முதலில் அப்படியே முகர்ந்து ஒரு வாய் சுவையுங்கள். பிறகு டீஸ்பூனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். லேசாகக் கலங்கினால் பயம் வேண்டாம், குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி அப்படித்தான் கலங்கும். எனக்கு அந்தக் கலங்கல் ரொம்பப் பிடிக்கும். பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள். படுக்கவைத்தால் கார்க் கெட்டுவிடும்.