மலை வீட்டுக்குக் கனமான ரிசீவர்: பார்த்து வாங்குவதும் பதமாக வைப்பதும்

மலையில் குடியிருப்பவர்கள் ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது வீட்டில் எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டி, வாங்குவதாக இருந்தால், கையில் இருக்கும் காசுக்குக் கிடைப்பதிலேயே எது அதிகக் கனமோ அதை வாங்குங்கள். நான் குன்னூரில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறேன், வீடுகளுக்குப் போய் மாட்டியும் கொடுக்கிறேன். "வீட்ல நாலு பேருதான் இருக்கோம், எதுக்கக்கா இவ்ளோ பெரிய பெட்டி?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. உங்கள் கூரைக்கும், ஹாலின் அளவுக்கும், லைனில் வருகிற வோல்டேஜுக்கும்தான் சம்பந்தம்.

கோத்தகிரி பக்கம் ஒரு டீச்சரம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தகரக் கூரை, உயரமான பழைய ஹால், மரத்தளம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை, அது ஐப்பசி மாதம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. டீச்சரம்மா ரிமோட்டை எடுத்து ஏற்றிக்கொண்டே போனார். பேச்சு காதில் விழுகிற அளவுக்கு வந்த நேரம் படத்தில் இடி இடித்தது. ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கிற சுவிட்சான ரிலே 'டக்' என்று விழுந்து மொத்தச் சத்தமும் நின்றுபோனது. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. "கெட்டுப்போச்சாம்மா?" என்றார். "இல்ல டீச்சர், செட்டு நல்லாத்தான் இருக்கு. நாம கேக்கறதக் குடுக்க அதுகிட்ட தெம்பில்ல" என்றேன்.

அந்தத் தெம்பின் கணக்கு இதுதான். ஸ்பீக்கர் அட்டையில் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 4 மீட்டர் தள்ளி சோபா போட்டால் 12 போய் 75 மிஞ்சும். சுவரில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம் கொஞ்சம் கைகொடுக்கும், அதைக் கணக்கில் விட்டுவிடுகிறேன். 75 டெசிபல் என்பது தெளிவாகக் கேட்கிற பேச்சு. ஆக, பேச்சுக்கு 1 வாட் போதும். ஆனால் சினிமா ஒலிப்பதிவில் பேச்சுக்கு மேலே 20 டெசிபல் எழும்புகிற இடங்கள் வரும். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு, அதாவது அந்த ஒரு நொடிக்கு 100 வாட் வேண்டும். மழைக்காக 6 டெசிபல் ஏற்றினீர்கள் என்றால் பேச்சுக்கே 4 வாட், இடிக்கு 400 வாட். எந்த ரிசீவரும் ஒரு ஸ்பீக்கருக்கு 400 வாட் தராது. அதனால் ஸ்பீக்கரை 90 டெசிபலுக்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். 3 டெசிபல் கூடினாலே வேண்டிய வாட் பாதியாகிவிடும்.

இதே கணக்குப்படி 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையில் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது, 1 டெசிபல்தான். கடைக்காரர் அந்த 20 வாட்டுக்காக விலையை ஏற்றினால் தலையாட்டாதீர்கள். எண்ணைப் பார்க்காமல், எந்த நிபந்தனையில் அந்த எண்ணை எழுதினார்கள் என்று பாருங்கள். சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கான வழி, ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, டிஸ்டார்ஷன் என்பது சத்தம் சிதைகிற அளவு. '2 சேனல் ஓடும்போது, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.05 சதவீத டிஸ்டார்ஷன்' என்று இருந்தால் நம்பலாம். '1 சேனல், 6 ஓம், 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 சதவீதம்' என்று இருந்தால் அதே பெட்டியை வேறு கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். இந்த ஊரில் டேப் ரெக்கார்டர் காலத்தில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, அது எந்தக் கணக்கிலும் சேராது.

அமெரிக்காவில் 1974-லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் என்கிற அரசு அமைப்பு விதி போட்டது. தொடர்ந்து ஓடும்போது தருகிற வாட்டைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்றது. பொய் எண்ணுக்கு வழி அடைபட்டதும் கம்பெனிகள் நிஜமாகவே பெரிய டிரான்ஸ்பார்மரைப் போட்டுக்கொண்டு மோத ஆரம்பித்தன. 1978-ல் வந்த பயோனியர் எஸ்.எக்ஸ். 1980 ஸ்டீரியோ ரிசீவர் ஒரு பக்கத்துக்கு 270 வாட், எடை 35 கிலோ. அந்த வழியில் வந்ததுதான் டெனான் ஏ.வி.ஆர். 5805. பத்துச் சேனல், ஒவ்வொன்றுக்கும் 170 வாட், சுமார் 44 கிலோ. அதன் மூடியைக் கழற்றியவர்களுக்குத் தெரியும், அது ஆசைப்பட்டுச் செய்த பொருள். இப்போதைய பெரிய மாடல்கள் இளைத்துவிட்டன. 2018-ல் வந்த டெனான் ஏ.வி.சி. எக்ஸ் 8500 ஹெச் 13 சேனல், 23 கிலோ சொச்சம். அதுவும் சாதாரண எடையில்லை.

எடையை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்றால், அது இரும்பும் செம்பும் அலுமினியமும். டிரான்ஸ்பார்மர், கரண்டைச் சேமித்து வைக்கிற கெபாசிட்டர், சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க். எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கரண்ட் கேட்கும்போது கொடுப்பது இந்த மூன்றும்தான். 8 கிலோ பெட்டியிலும் 20 கிலோ பெட்டியிலும் '100 வாட்' என்றே எழுதியிருக்கலாம். ஐந்து ஸ்பீக்கர் சேர்ந்து முழங்கும்போது முதல் பெட்டி எழுதியதைத் தராது.

பழையது எங்கே கிடைக்கும், எப்படிச் சோதிப்பது

புதியது வாங்க வசதி இருந்தால் சந்தோஷம். இல்லாதவர்கள் பத்துப் பதினைந்து வருடப் பழையதைத் தேடுங்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிற ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வருகிற அதிகாரிகள் படிப்பு முடிந்து கிளம்பும்போது கனமான சாமான்களை விற்றுவிட்டுப் போவதுண்டு. கூடலூர் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டிலும் இருக்கும். அது பெரும்பாலும் 220-240 வோல்ட் செட், அப்படி இருந்தால் அப்படியே செருகலாம். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட், ஜப்பான் உள்ளூர் செட் 100 வோல்ட். அவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தனியாக வேண்டும், அதுவும் 1500 வி.ஏ.வுக்குக் குறையாமல். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது உங்கள் ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு சேனலிலும் மாற்றி மாற்றி மாட்டிக் கேளுங்கள். வால்யூமைச் சுத்தமாக இறக்கிவிட்டு, ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தம் வருகிற சின்ன வட்டமான ட்வீட்டரில் காதை வையுங்கள். லேசான 'ஸ்' பரவாயில்லை, 'ம்ம்' என்று உறுமினால் கெபாசிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. ஆன் செய்து சில நொடியில் ரிலே 'டக்' என்று விழ வேண்டும். விழுந்த பிறகு ஒரு பக்கம் மட்டும் சத்தம் மெலிந்து, வால்யூம் ஏற்றியதும் திடீரென்று முழுசாக வந்தால் ரிலே முனை கறுத்திருக்கிறது. அது சின்னச் செலவுதான், வாங்கலாம்.

ஒரு மணி நேரம் பாட்டு ஓடவிட்டு மேல்மூடி ஓட்டைகளுக்கு மேலே உள்ளங்கையை நகர்த்திப் பாருங்கள். சூடு சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தகித்தால் அந்தச் சேனலில் வேலை இருக்கிறது. பிளக்கை உருவிவிட்டு, ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பெரிய கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

பழைய செட்டில் முதலில் சாவது ஹெச்.டி.எம்.ஐ. போர்டுதான். அத்தனை ஓட்டையிலும் மாட்டிப் பாருங்கள். அது செத்திருந்தாலும், 4கே வராத பழைய மாடலாக இருந்தாலும், ஒரு வழி உண்டு. படத்தை நேரே டிவிக்குக் கொடுத்து, டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் சத்தத்தை ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள். டால்பி டிஜிட்டல் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த சத்தம், அதில் வரும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற அட்மாஸ் வராது. எனக்குக் கேட்டால், இளைத்த பெட்டியில் அட்மாஸ் கேட்பதைவிடக் கனத்த பெட்டியில் 5.1 கேட்பது எவ்வளவோ மேல். அறையை அளக்கிற மைக்கும் ரிமோட்டும் கூடவே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அந்த மைக் மாடலுக்கு மாடல் வேறு.

மலை ஏற்றுவது, வைப்பது

தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். டிரான்ஸ்பார்மர் ஒரு பக்கமாக இருக்கிற மாடல்கள் நிறைய. முதலில் மெல்லத் தூக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, பலசாலி அந்தப் பக்கம் பிடிக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக ராத்திரி ஜீப்பில் ஏறினால் பெட்டி வரும் வழியிலேயே குளிர்ந்துபோகும். அதைக் கணப்பு எரிகிற அறைக்குள் கொண்டுபோனால் உள்ளே தண்ணீர் வேர்த்துவிடும். மறுநாள் காலை வரைக்கும் பிளக்கைச் செருகாதீர்கள்.

"இங்கதான் குளுருதே, செட்டு சூடாகாது" என்று நினைத்து கண்ணாடி ஷோகேஸில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று குளிர்தான், ஆனால் மெலிசு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹீட்சிங்கிலிருந்து சூட்டை எடுத்துப்போகிற வேலையைச் செய்வது அந்தக் காற்றுதானே? மேலே 20 சென்டிமீட்டராவது விட்டுத் திறந்த ஸ்டாண்டில் வையுங்கள். பூப்போட்ட துணி போர்த்த வேண்டும் என்றால் செட் ஆறிய பிறகு போர்த்துங்கள். பனிமூட்ட மாதங்களில் தினம் ஒரு மணி நேரமாவது பாட்டுப் போடுங்கள். அந்தச் சூட்டில் உள்ளே பூஞ்சை பிடிக்காது, ஈரம் தங்காது.

லைனும் எர்த்தும்

இந்த மலையிலேயே, பைகாராவில், 1932-லிருந்து தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும்போது, லைன் கோடியில் இருக்கிற வீட்டில் மீட்டர் வைத்தால் 180-ஐ ஒட்டிக் காட்டும். 230 வர வேண்டிய இடத்தில் 184 வந்தால் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வாட் அதைவிட மோசமாக விழும். 0.8-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள், 0.64. அதாவது 150 வாட் ரிசீவர் 96 வாட் ஆகும். 80 வாட் ரிசீவர் 51 வாட்டுக்கு இறங்கும், டீச்சரம்மா வீட்டில் நின்றது போல நிற்கும். பெரிய பெட்டி வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். குறைந்த பிறகும் மிச்சம் இருக்கும்.

ஸ்டெபிலைசர் போடுவதானால் 2 கே.வி.ஏ. சர்வோ டைப் போடுங்கள், 150 வோல்ட்டிலிருந்து பிடிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்குப் போட்டிருக்கிற ரிலே டைப், படத்தின் நடுவில் 'டொக் டொக்' என்று தாவிக்கொண்டே இருக்கும். 16 ஆம்பியர் பிளக் ஒன்றைப் பெட்டிக்கென்றே டி.பி.யிலிருந்து, அதாவது வீட்டுக்கு வரும் லைனைப் பிரிக்கிற பெட்டியிலிருந்து, 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் இழுக்கச் சொல்லுங்கள். வளையம் போன்ற டோராய்டல் டிரான்ஸ்பார்மர் ஆன் செய்கிற கணத்தில் குபீரென்று இழுக்கும். டி.பி.யில் இருக்கிற தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. டிரிப் ஆனால் பயப்படாமல், பி டைப்பை எடுத்துவிட்டு சி டைப் மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் கொடுக்காதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும். கரண்ட் செலவைப் பற்றி வருத்தம் வேண்டாம். பெரிய பெட்டி வீட்டு அளவுக்குச் சத்தம் வைத்தால் 100 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும், இரண்டரை மணி நேரப் படத்துக்குக் கால் யூனிட்.

செட்டிங்கில் இரண்டு இடம்தான் சொல்கிறேன், மற்றதை மைக் பார்த்துக்கொள்ளும். எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே இருக்கிற பாரம் சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவர் இன்னும் லேசாக ஓடும். ஸ்பீக்கர் ஓம் செட்டிங்கை 8-லேயே விடுங்கள், 4-க்கு மாற்றினால் உள்ளே வோல்டேஜைக் குறைத்து நீங்கள் காசு கொடுத்த தெம்பையே பிடித்து வைத்துவிடும். ஈக்கோ மோடையும் அணைத்துவிடுங்கள். மரத்தளம் உள்ள பங்களாக்களில் சப்வூஃபருக்கு அடியில் கடப்பைக்கல் பலகை, அதற்கு அடியில் தடித்த ரப்பர். இல்லாவிட்டால் பீரோவில் இருக்கிற டம்ளர் எல்லாம் கூடவே பாடும்.

எர்த்தை ஒரு முறை ஆள் வைத்துச் சோதித்துவிடுங்கள். பாறைச் சரிவில் கட்டிய வீடுகளில் எர்த் குழி பேருக்குத்தான் இருக்கும், மாசி பங்குனியில் காய்ந்தே போய்விடும். கரியும் உப்பும் போட்டு, வெயில் மாதங்களில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இடி மாதங்களில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. டிஷ் ஆன்டெனா வயரையும் நெட் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். கூரை மேலே இருக்கிற டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸ், அதிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவர் என்று ஏறி வந்த இடியில் போன போர்டுகள்தான் ஐப்பசி, கார்த்திகையில் என் மேஜைக்கு அதிகம் வருகின்றன.