கைவினை டின் விசில்: சொல்லிச் செய்விக்கும் முன்

அயர்லாந்து நாட்டுப்புற இசைக்காக முதல் டின் விசில் என்னும் சிறு ஊதுகுழல் வாங்குபவர் மேற்கத்திய இசையின் டி (D) சுருதியையே கேட்க வேண்டும். அங்கே கூடி வாசிக்கப்படும் மெட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி ஆகிய சுருதிகளில் அமைந்தவை, அவ்விரண்டையும் இந்த ஆறு துளைக் குழல் ஒன்றே தந்துவிடும்.

கைவினைஞரிடம் சொல்லிச் செய்விக்கையில் நான் விட்டுக்கொடுக்காத அம்சம், நகர்த்தக்கூடிய தலைப்பகுதி, அதாவது ஊதும் வாய்ப்பகுதி. குளிர்ந்த குழலின் சுருதி தாழ்ந்தும், ஊதிச் சூடேறிய பின் உயர்ந்தும் நிற்பதால், தலையைச் சில மில்லிமீட்டர் இழுத்துச் சுருதி சேர்க்க இயலாத குழலோடு பிறருடன் வாசிப்பது பெருந்துன்பம்.

பித்தளையா, அலுமினியமா, மரமா என்பதைவிட உள்விட்டமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அகன்ற குழல் கீழ்ஸ்வரங்களுக்கு வலுவூட்டும், ஆனால் மேல்ஸ்தாயியில் மூச்சை வாரி இழுக்கும். குறுகியது மென்மையாக ஒலித்து, மேலே எளிதாக ஏறும். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளமுள்ள லோ டி (ஒரு ஸ்தாயி தாழ்ந்த டி விசில்) வேண்டுமென்றால், சிறிய கை உள்ளவர்கள் கீழ்த்துளையைச் சற்றே பக்கவாட்டில் ஒதுக்கித் துளைக்கச் சொல்லலாம்.

கையில் வாங்கியதும் எல்லாத் துளைகளையும் மூடி, அடிஸ்வரத்தை மெல்ல ஊதி நிறுத்திப் பாருங்கள். அது உடையாமல் நின்றால், வாய்ப்பக்கத்து முதல் துளையைத் திறந்து, அடுத்த இரண்டை மட்டும் மூடிச் சி ஸ்வரத்தின் துல்லியத்தைக் கேளுங்கள். மலிவான குழல்கள் பெரும்பாலும் இங்கேதான் பிசகும். காற்றுப்பாதையில் ஈரம் முத்துமுத்தாகச் சேர்ந்து ஒலி அடைபட்டால், பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த நீரை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் போதும்.