பென்னிகுயிக்கும் பட்டாளத்துக்காரர்தான்: ராணுவப் பொறியாளர்களைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்குக் காரணமானவரை ‘வெள்ளைக்கார இன்ஜினியர்’ என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். மதுரையில் நான் அதிகம் கேட்கும் தவறு இதுதான். ஜான் பென்னிகுயிக் கர்னல், ராணுவப் பொறியாளர். முக்கொம்பு மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டனும் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் அதிகாரிதான். அன்றைய பொதுப்பணித் துறையின் பெரிய பொறுப்புகளில் பலர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை வேலையில் மெட்ராஸ் பயனியர் சிப்பாய்களும் காட்டுக்குள் பாடுபட்டார்கள். இவர்களைச் சாப்பர்களோடு, அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை வீரர்களோடு, குழப்பக் கூடாது. பயனியர்கள் தனிப் படை, 1933இல் கலைக்கப்பட்டார்கள். 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இருக்கிறது. அந்த வீரர்களைப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். நம் ஊர்ச் சொல் அங்கே நிலைத்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சாப்பர் என்றால் கண்ணிவெடி எடுப்பவர் மட்டுமே என்று நினைப்பது அடுத்த தவறு. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, முகாமுக்குக் குடிநீர் எடுப்பது, பின்வாங்கும்போது எதிரி வராமல் பாலத்தைத் தகர்ப்பது எல்லாமே அவர்கள் வேலை. முன்னேறும் படைக்கு வழி திறக்க வேண்டியவர்கள் என்பதால் பல நேரங்களில் முன்வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். ‘பின்னால் இருந்து கட்டடம் கட்டுகிறவர்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது. 1948 ஏப்ரலில் ஜம்மு-காஷ்மீரின் நௌஷேரா–ரஜௌரி பாதையில் பம்பாய் சாப்பர்ஸ் அதிகாரி ராமா ரகோபா ராணே, டாங்கின் அடியில் தவழ்ந்துகொண்டே, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்குச் சைகை கொடுத்துப் படையை முன்னே நகர்த்தினார். பரம்வீர் சக்ரா பெற்றார். மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டு உடனிருந்தவர்களைக் காத்தார். அவர் இறந்த பிறகு பிரிட்டிஷ் அரசின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

பெயர்க் குழப்பமும் உண்டு. டாங்க், துப்பாக்கி, ரேடார் பழுது பார்ப்பது ஈ.எம்.ஈ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்); அது வேறு படைப்பிரிவு. எல்லைச் சாலைகள் போடும் பி.ஆர்.ஓ. (பார்டர் ரோட்ஸ் ஆர்கனைசேஷன்) 1960இல் தொடங்கிய தனி அமைப்பு. அதில் ராணுவப் பொறியாளர்களும் பணியாற்றுகிறார்கள்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிப் பழகும் தம்பிகளுக்கு ஒன்று: சாப்பராகச் சேர பி.இ. வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி விலகிவிடாதீர்கள். அங்கே ‘சாப்பர்’ என்பது சிப்பாய்க்குச் சமமான பதவி. கொத்து வேலை, தச்சு வேலை, வெடி வேலை எல்லாம் சேர்ந்த பிறகு பயிற்சியில் கற்றுத் தருவார்கள்.