நிட்டிங்காரர் கையில் குரோஷா ஊசி: எங்கே தவறுகிறது?

கைதேர்ந்தவர் என்றால் நிட்டிங் (இரண்டு ஊசியால் பின்னுவது), குரோஷா (ஒரே கொக்கி ஊசியால் பின்னுவது) இரண்டும் தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைப்பதே முதல் தவறு. ஆந்திராவின் நரசாப்பூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக குரோஷா ஊசியால்தான் லேஸ் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளின் மெல்லிய சால்வைகளோ நிட்டிங். இவர்களில் யாரைக் கற்றுக்குட்டி என்பது? ஆனாலும் நிட்டிங் செய்கிறவருக்கு குரோஷா ஊசி இல்லாமல் சில வேலைகள் ஓடாது. சொதப்புவதும் அங்கேதான்.

ஸ்வெட்டரின் முன்பக்க ஓரத்துக்கு குரோஷா கரை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு ஒரு சிங்கிள் குரோஷா (குட்டையான அடிப்படைப் பின்னல்) என்று போட்டுக்கொண்டே போனால் ஓரம் அப்பளம்போல் நெளியும். காரணம், சாதாரண நிட் துணியில் கண்ணியின் (ஊசியில் போடும் ஒவ்வொரு வளையத்தின்) உயரம் அகலத்தைவிடக் குறைவு. 10 செ.மீ. சதுரத்தில் 22 கண்ணி இருந்தால் வரிசை 30 இருக்கும். ஆகவே 4 வரிசைக்கு 3 என்பது கணக்கு: மூன்றில் போட்டு, நான்காவதை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் நிட் போட்ட மேடுபள்ளத் துணியாக இருந்தால் 2 வரிசைக்கு 1 போதும். கழுத்துப் பக்கம், கண்ணிகளை மூடிய நேர் ஓரத்தில் மட்டும் கண்ணிக்கு ஒன்று. கரை உள்ளே சுருண்டு இழுத்தால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சாண் நீளம் போட்டதுமே மேசையில் விரித்துப் பாருங்கள். முழுக்க முடித்துவிட்டு இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை.

நழுவிய கண்ணி ஏணிபோல் இறங்கிவிட்டதா? நிட் பக்கம் (V வடிவம் தெரியும் வழுவழுப்பான பக்கம்) உங்களைப் பார்க்கட்டும். கண்ணிக்குள் குரோஷா ஊசியை முன்னாலிருந்து விட்டு, அதற்குப் பின்னால் குறுக்கே ஓடும் இழைகளில் ஆகக் கீழே உள்ளதைக் கொக்கியில் மாட்டி இழுங்கள். அப்படியே ஒவ்வொரு படியாக மேலே. அவசரத்தில் ஓர் இழையைத் தாண்டிவிட்டால் அது பின்பக்கம் தொங்கும், வரிசையும் ஒன்று குறையும்.

பிறகு அவிழ்க்கத் தற்காலிகத் தொடக்கம் போடும்போது வழுவழுப்பான வேறு நிறப் பருத்தி நூலில், குரோஷா ஊசியால் சங்கிலிபோன்ற செயின் வளையங்களைத் தேவைக்கு மேல் 5 கூடுதலாகப் போடுங்கள். செயினின் முன்புறம் ஜடைபோல் தெரியும். நிட்டிங் ஊசியில் கண்ணி எடுக்க வேண்டியது அங்கல்ல, திருப்பினால் நடுவில் வரும் சின்னப் புடைப்பில். ஜடையில் எடுத்தால் பின்னால் செயின் உருவ வராது, கத்தரிக்கோல்தான். செயின் முடிந்த முனையில் நூல் வாலுக்கு ஒரு முடிச்சு போட்டு வையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவிழ்த்தால்தான் கடகடவென்று வரும்.

குரோஷாவிலிருந்து நிட்டிங்குக்கு வருகிறவர்களின் சறுக்கல் வேறு. இடது கையில் நூல் பிடித்துப் பழகியவர்கள் பர்ல் (நிட் கண்ணியின் மறுபக்க வடிவம்) போடும்போது, சுலபம் என்று நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிடுவார்கள். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணிகள் முறுக்கிக்கொண்டு, துணி விறைப்பாகும். ஊசியிலிருக்கும் கண்ணியைப் பாருங்கள்: வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் பின்கால் வழியாகவே நிட் போடுங்கள், முறுக்கு விழாது.

குரோஷா பேட்டர்ன் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பு) படிக்கும்போது அது அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்று பார்க்காமல் தொடங்காதீர்கள். அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷாதான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா. ‘சிங்கிள்’ என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறைதான்.

நிட்டிங் பேட்டர்னைக் கண்ணிக்குக் கண்ணி குரோஷாவாக மாற்றுவதும் கைகொடுக்காது. அதே நூலில் குரோஷா துணி தடிமனாகும், இழுவை குறையும், நூலும் கூடுதலாகத் தின்னும். காலுறைக்கு அது வேண்டாம். பஞ்சு அடைக்கும் பொம்மைக்கு அந்த நெருக்கம்தான் வேண்டும். எவ்வளவு நூல் என்று தெரிய, 10 செ.மீ. சதுரம் ஒன்று போட்டு டிஜிட்டல் தராசில் எடை பார்த்து, மொத்தப் பரப்புக்குப் பெருக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.