சிக்கனம் என்ற பெயரில் ஸ்கேட்போர்டைக் கெடுக்கும் வழிகள்

வீல் கரகரவென்று சத்தம் போட்டால் பலரும் முதலில் தேடுவது டபிள்யூடி-40 டப்பாவைத்தான். அடித்தவுடன் வீல் பிய்த்துக்கொண்டு சுற்றும். சில நாளில் முன்பைவிட மோசமாகிவிடும். அது ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்ததை இளக்கவும் உள்ள திரவம். பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டுத் தானும் நிற்காமல் போய்விடும். தேங்காய் எண்ணெய் விடுபவர்களும் உண்டு. அது நாள்பட்டால் பிசுக்காகி, ரோட்டுத் தூசியை எல்லாம் சேர்த்துவைக்கும்.

பேரிங்கை வீலிலிருந்து கழற்றி, ரப்பர் மூடியைக் குண்டூசியால் நெம்பி எடுங்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். கோவளம், மாமல்லபுரம் என்று கடல் காற்றில் ஓட்டுபவர்களுக்கு எண்ணெயைவிட கிரீஸ் நல்லது. சுற்றும் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஏற்கெனவே துரு ஏறிக் குழிவிழுந்த பேரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்கேட்போர்டில் இருப்பது 608 என்ற சாதாரண அளவுதான்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. சின்ன மோட்டார்களிலும் இதே பேரிங் வருவதால் எந்த பேரிங் கடையிலும் கேட்கலாம். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. நம் ஊர்த் தூசிக்கு அதுதான் சரி. ஏபெக் 7, ஏபெக் 9 என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த எண் சொல்வது அளவுத் துல்லியத்தை; படிக்கட்டிலிருந்து குதித்தால் தாங்குமா என்பதை அல்ல.

பேரிங்கைவிட அதிகச் செலவு வைப்பது நட்டு. வீலைக் கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் ஆக்ஸில் நட்டு தொலைந்தால் சைக்கிள் கடையில் 8 மி.மீ. நட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும். பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் பெரும்பாலான ட்ரக்குகளின் (பலகைக்கு அடியில் வீல்களைத் தாங்கும் உலோகப் பாகம்) ஆக்ஸிலில் இருப்பது 5/16 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. சாதாரண 8 மி.மீ. நட்டின் மரை அதைவிட இடைவெளி கூடியது. முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் ஆக்ஸில் மரை போய்விடும். சில ரூபாய் நட்டுக்காக ஒரு ட்ரக் காலி. மரை கொஞ்சம்தான் நசுங்கியிருக்கிறது என்றால் லேத் பட்டறையில் டை போட்டுச் சீவித் தருவார்கள். தூக்கிப் போடும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

டெக்கையும் (நாம் ஏறி நிற்கும் பலகை) ட்ரக்கையும் இணைக்கும் போல்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. எம்5 (5 மி.மீ.) போல்ட்டை அதற்கான நட்டோடு சேர்த்துப் போட்டால் வேலை நடக்கும், நைலான் வைத்த லாக் நட்டாக இருந்தால் சரி. ட்ரக்கின் நடுவே இருக்கும் பெரிய போல்ட்டான கிங்பின்னின் நட்டு 9/16 இன்ச். 14 மி.மீ. ஸ்பேனர் உள்ளே போகாது, 15 போட்டால் நட்டின் முனையெல்லாம் உருண்டுவிடும். ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி இன்ச் அளவு ரிங் ஸ்பேனர் ஒன்று.

திரும்பும்போது ட்ரக் கீச்சிட்டால் எண்ணெய் வேண்டாம்; ட்ரக்கின் முனை உட்காரும் பிவட் கப் என்ற குழியில் மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்டால் போதும். வீல்களை அவ்வப்போது குறுக்காக இடம் மாற்றுங்கள். வீலின் இருபக்கமும் வரும் மெல்லிய வாஷரைத் தொலைக்காதீர்கள்.

இனி ஷூ. ஆலி (பலகையோடு எம்பிக் குதிப்பது) அடிக்கும்போது முன்கால் ஷூவின் சுண்டுவிரல் பக்கம் கிரிப் டேப்பில் உரசி ஓட்டை விழும். டெக்கின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப் என்பது கிட்டத்தட்ட உப்புத்தாள். கேன்வாஸ் அதற்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? விலை சற்றுக் கூடினாலும் ஸ்வேட் தோலே கடைசியில் மலிவு. ஓட்டை விழுந்தபின் ஒட்டலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. தோல் பளபளப்பாகத் தேயத் தொடங்கியதும் அங்கே ஷூ கூ போன்ற ரப்பர் பசையை மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை இதற்கு உதவாது. காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்து, கால் மடங்கும் இடத்தில் விரிசல் விடும். பருத்தித் துணியில் பட்டால் சுடும், நம் உடம்புத் தோல் வெந்துபோகவும் வாய்ப்புண்டு. காலில் போட்டபடி ஷூவை ஒட்டும் வீரர்கள் கவனிக்க.

அடிப்பாகம் வாய் பிளந்தால் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் சொல்யூஷனே நல்ல மருந்து. வீட்டில் ஒட்டுபவர்கள் ஈரமாக இருக்கும்போதே அமுக்கிவிடுகிறார்கள், அதனால்தான் மறுநாளே பிரிகிறது. இரண்டு பக்கமும் உப்புத்தாள் தேய்த்து, இரண்டிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். கிண்ணம்போல் ஓரம் உயர்ந்த அடிப்பாகம் கொண்ட கப் சோல் ஷூ என்றால் அவரிடமே கொடுத்துச் சுற்றிலும் தையல் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த ஷூவை மொட்டைமாடி வெயிலில் வைத்தால் ஒட்டியதெல்லாம் விட்டுப்போகும். நிழலில், உள்ளே காகிதம் திணித்து உலர்த்துங்கள்.

டெக் ஏழு அடுக்கு மேப்பிள் மரம். தண்ணீரில் கழுவினால் ஊறிப் பிரியும். ஓரத்தில் அடுக்கு பிரிந்தால் ஃபெவிகால் விட்டு, சி கிளாம்ப் போட்டு ஒரு நாள் இறுக்கினால் கொஞ்ச காலம் ஓடும். ட்ரக் போல்ட்டுகளுக்கு நடுவே குறுக்காகக் கீறல் விழுந்த டெக்கை மட்டும் ஒட்டிப் பயனில்லை, அது ஏறி நிற்கும்போதே முறியும். அடி வாங்கிய ஹெல்மெட்டும் அப்படித்தான்: உள்ளே உள்ள தெர்மோகோல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் பழைய ஹெல்மெட் வாங்காதீர்கள்.